ஒரு ஜபர், ஒரு ஜேர்: நஹ்வையும் உசூலையும் சேர்த்துப் படிக்க ஒரு வழி

மாலைத் தொழுகையான மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேலப்பாளையத்தில் ஏதாவது ஒரு பள்ளிவாசலின் ஹவுள் (தண்ணீர்த் தொட்டி) கரையில் உட்கார்ந்து, ஒளு (தொழுகைக்கு முன் உறுப்புகளைத் தூய்மை செய்வது) செய்கிறவர்களின் கையை மட்டும் பாருங்கள். பாங்கு சொல்லிவிடுவார்களே என்ற அவசரத்தில் ஒருவர் நனைந்த விரலை முன்முடியில் வைத்து எடுத்துவிட்டு எழுந்துவிடுவார். இன்னொருவர் எவ்வளவு அவசரம் என்றாலும் உள்ளங்கை அளவுக்காவது தலையை நனைக்காமல் எழ மாட்டார். முழுத்தலையையும் தடவுவது சுன்னத் என்பதில் சண்டை இல்லை. எவ்வளவு தடவினால் ஒளு கூடும் என்பதில்தான் ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபுக்காரர்களும் (சட்ட மரபினரும்) பிரிகிறார்கள். இரண்டு பேர் ஓதுவதும் ஒரே வசனம், குர்ஆனின் மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம். அதில் தலை என்ற சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை எழுத்து 'பி'. அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று கேட்டால் அது நஹ்வு, அதாவது அரபு இலக்கணம். அந்தப் பொருளிலிருந்து எந்த முறைப்படி சட்டத்துக்குப் போவது என்று கேட்டால் அது உசூலுல் ஃபிக்ஹ், அதாவது ஃபிக்ஹு என்ற மார்க்கச் சட்டத்தை வகுக்கும் முறை, சுருக்கமாக உசூல். மதரஸாவில் இரண்டுக்கும் தனித்தனிப் பாடவேளை, தனித்தனிக் கிதாபு. ஆனால் ஹவுள் கரையில் இரண்டும் ஒரே விரலில்தான் இருக்கின்றன.

நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், இஷாவுக்கு அப்புறம் ஒரு ஹஜ்ரத்திடம் ஏழெட்டு வருஷமாக ஓதுகிறேன். அதனால் இதை ஃபத்வா மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். குர்ஆன் ஓதத் தெரிந்து, அரபு கொஞ்சம் எட்டிப்பார்த்து, பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் உருப்படியாகப் படித்த ஒருவர் இந்த இரண்டு கலைகளையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். தமிழ் இலக்கணத்தை ஏன் இழுக்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

முதல் வேலை, தமிழ் மொழிபெயர்ப்பை மூடி வைப்பது. மொழிபெயர்ப்பு தப்பு என்று சொல்லவில்லை. மொழிபெயர்த்தவர் உங்களுக்கு முன்னாலேயே முடிவு எடுத்துவிட்டார், அதுதான் சிக்கல். தமிழில் வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டுகிறது, ஆகவே எந்தப் பெயர் எந்த வினைக்குப் போகிறது என்று மொழிபெயர்க்கிறவர் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். அரபியில் திறந்து கிடக்கும் கதவு தமிழில் சாத்தப்பட்டுவிடும். நாமோ கதவு எங்கே இருந்தது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

சரி, அந்த 'பி'க்கு வருவோம். 'வம்ஸஹூ பி ருஊஸிக்கும்' என்கிறது வசனம். நம் வீட்டில் உம்மா 'எண்ணெயைத் தலையில தடவிட்டுப் போ' என்றால் ஒரு இடத்தில் பட்டாலும் தடவியதுதான். 'தலையைத் துவட்டு' என்றால் பாதித் தலையோடு விட்டால் திட்டு விழும். இல் என்ற உருபுக்கும் ஐ என்ற உருபுக்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளியில்தான் மூன்று மத்ஹபுகள் நிற்கின்றன. மாலிக்கிகளுக்கு அந்த 'பி' பொருளை மாற்றாத ஒரு சேர்க்கை, ஆகவே முழுத்தலையும் கடமை. ஷாஃபி மத்ஹபில் அது 'ஒரு பகுதி' என்ற பொருளைத் தரும் என்று சொல்லப்படுகிறது, அதனால் தடவியது என்று சொல்லும் அளவுக்குச் சில முடிகள் நனைந்தாலே போதும். ஹனஃபிகள் 'பி'யின் அடிப்படைப் பொருள் ஒட்டுதல் என்று பிடித்துக்கொண்டு, நபியவர்கள் முன்தலைப் பகுதியில் தடவிய ஹதீஸையும் பக்கத்தில் வைத்து, கால்வாசித் தலை என்று முடிவு செய்கிறார்கள்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'நஹ்வுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள், ஃபிக்ஹுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்' என்று நினைத்துவிடுகிறோம். நஹ்வுக்காரர்களே இதில் ஒத்துப்போகவில்லை. ஹிஜ்ரி 392இல் இறந்த இப்னு ஜின்னி பெரிய இலக்கண மேதை. 'பி'க்குப் பகுதி என்ற பொருள் உண்டு என்று ஷாஃபியின் ஆட்கள் சொல்வதாகச் சொல்கிறார்களே, அப்படி ஒன்று நம் இலக்கணக்காரர்களுக்குத் தெரியாது என்று எழுதிவிட்டார். ஆனால் அஸ்மஈ, அபூ அலி அல் ஃபாரிஸி, அல்ஃபிய்யா எழுதிய இப்னு மாலிக் ஆகியோர் அந்தப் பொருள் உண்டு என்றவர்கள். இதில் ஃபாரிஸி யார் தெரியுமா? இப்னு ஜின்னியின் உஸ்தாத், அதாவது ஆசிரியர்! சுவர்க்கவாசிகள் ஊற்றில் குடிப்பதைச் சொல்லும் 'யஷ்ரபு பிஹா' என்ற 76ஆம் அத்தியாயத்தின் வசனத்தைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு, அதற்கு வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. ஆக, ஒரு எழுத்தின் பொருளைத் தேடி நஹ்வுக் கிதாபைத் திறந்தால் அங்கேயும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். நாம் ஓடிப்போய்த் தீர்ப்பு வாங்க வேண்டாம். யார் எதைச் சான்றாக வைத்தார் என்று நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

அதே வசனத்தில் அடுத்த சொல், கால். இது இன்னும் பெரிய விஷயம். 'வஅர்ஜுலக்கும்' என்று லாமுக்கு ('ல்' எழுத்துக்கு) ஜபர் ('அ' ஒலிக் குறி) போட்டு ஓதுகிறோம், நம் வீட்டு முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) அப்படித்தான் இருக்கும், அது ஆஸிம் என்ற ஓதல் ஆசானிடமிருந்து அவர் மாணவர் ஹஃப்ஸ் அறிவித்தது. அதே ஆஸிமிடம் ஓதிய இன்னொரு மாணவர் ஷுஅபா, அதே இடத்தில் ஜேர் ('இ' ஒலிக் குறி) போட்டு 'வஅர்ஜுலிக்கும்' என்று அறிவித்திருக்கிறார். மற்ற ஓதல் ஆசான்களில் நாஃபிஉ, இப்னு ஆமிர், கிஸாஈ ஆகியோர் ஜபர் பக்கம். இப்னு கஸீர், அபூ அம்ரு, ஹம்ஸா ஜேர் பக்கம். இரண்டுமே அங்கீகரிக்கப்பட்ட ஓதல்கள்.

பத்தாம் வகுப்புத் தமிழில் பொருள்கோள் படித்திருப்பீர்களே, ஒரு சொல்லை எந்தச் சொல்லோடு கொண்டுபோய்க் கூட்ட வேண்டும் என்று? இது அப்படியே பொருள்கோள் கேள்விதான். வசனத்தின் வரிசை இப்படி: முகங்களையும் கைகளையும் கழுவுங்கள், தலைகளில் தடவுங்கள், கால்கள். ஜபர் என்றால் கால் பின்னோக்கித் தாவி முகம், கை என்ற ஜபர்க் கூட்டத்தோடு சேரும், கழுவ வேண்டும். ஜேர் என்றால் பக்கத்திலிருக்கும் தலையோடு சேரும், தடவ வேண்டும். ஷியாக்கள் தடவுவது இதன்படி. ஜபரையே தலையின் இடத்தோடு சேர்த்துப் படிக்கவும் அவர்களுக்கு இலக்கண வழி இருக்கிறது.

ஜேர் ஓதலுக்கு சுன்னி அறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பார்த்தால்தான் நஹ்வு எவ்வளவு தூரம் இழுபடும் என்று தெரியும். ஒரு பதில், 'ஜிவார்', அதாவது பக்கத்து வீட்டுக்காரன் ஒலி ஒட்டிக்கொள்வது. அரபிகள் 'ஹாதா ஜுஹ்ரு ழப்பின் ஹரிபின்' என்பார்கள், 'இது இடிந்துபோன உடும்புப் பொந்து' என்று பொருள், இலக்கண மேதை சீபவைஹி எடுத்துக்காட்டும் வாக்கியம் இது. இடிந்தது பொந்து, உடும்பு இல்லை. இலக்கணப்படி இடிந்த என்ற சொல்லுக்குப் பொந்தின் பேஷ் ('உ' ஒலிக் குறி) தான் வர வேண்டும், ஆனால் பக்கத்தில் உடும்பு ஜேரோடு நிற்பதால் அதுவும் ஜேரைத் தூக்கிக்கொண்டது. அதுபோல் காலும் தலையின் ஜேரைத் தூக்கிக்கொண்டது, பொருள் கழுவுவதுதான் என்றார்கள். ஆனால் இது உம்மை வைத்துச் சேர்க்கும் இடத்தில் வராது என்று ஆட்சேபித்த நஹ்வுக்காரர்கள் நிறைய. எனக்கும் இந்தப் பதில் கொஞ்சம் வலிந்ததாகத்தான் படுகிறது. வேறு பதில்களும் உண்டு. ஜேர் ஓதல் தோல் காலுறை போட்டிருப்பவருக்கு என்றார்கள் சிலர். 'கணுக்கால் வரை' என்று எல்லை சொல்லியிருப்பதைப் பாருங்கள், தடவுவதற்கு எல்லை சொல்லும் வழக்கம் இல்லையே, எல்லை இருப்பதால் அது கையைப் போலக் கழுவும் உறுப்பு என்றார்கள் வேறு சிலர். கடைசியில் பூட்டைப் போட்டது, குதிகாலில் தண்ணீர் படாதவர்களைக் கடுமையாக எச்சரித்த ஹதீஸ். நஹ்வு இரண்டு கதவையும் திறந்து வைத்தது, எதைச் சாத்துவது என்று சுன்னா சொன்னது. சட்ட வசனம் எதை எடுத்தாலும் இலக்கணம் எதுவரை கொண்டுபோய் விட்டது, அதற்கு மேல் வேறு எந்த ஆதாரம் வந்து கையைப் பிடித்தது என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் மத்ஹபுக்கு மத்ஹபு மாறுகிறது.

'வ' என்ற உம்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'உப்பும் புளியும் போடு' என்றால் எது முதலில் என்று யாரும் கேட்பதில்லை. 'வ' வெறும் சேர்க்கைதான், வரிசை காட்டாது என்று ஹனஃபிகள் ஒளுவில் வரிசையைக் கடமையாக்கவில்லை. ஷாஃபிகளுக்கு வரிசை கடமை. 'வ'க்கே வரிசைப் பொருள் உண்டு என்று அவர்கள் வாதிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதைவிட நல்ல வாதம் அவர்களிடம் இருக்கிறது: கழுவும் உறுப்புகளுக்கு நடுவே தடவும் உறுப்பு ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருக்கிறதே, ஒரே இனத்தைச் சேர்ந்தவற்றைக் காரணமில்லாமல் அரபிகள் இப்படிப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள், அந்தக் காரணம் வரிசைதான் என்பார்கள். சொல்லின் பொருளைத் தாண்டி வாக்கியம் அமைந்த விதத்தையே சான்றாக்குகிறார்கள் பாருங்கள்.

அடுத்து எடுக்க வேண்டியது 'தவிர'. இதைக் கற்றுக்கொள்ள ஒரு கல்யாணப் பந்தி போதும். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பந்தி பார்த்துக்கொண்டிருந்த மாமா பரிமாறுகிற பையன்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்: 'எல்லாருக்கும் நெய்ச்சோறு வைங்க, ஆணம் ஊத்துங்க, கறி ரெண்டு துண்டு வைங்க, சின்னப்பிள்ளைகளத் தவிர.' ஒரு பையன் அப்படியே நின்றுவிட்டான். சின்னப்பிள்ளைகளுக்குச் சோறே இல்லையா, கறி மட்டும் இல்லையா? மாமா, 'ஏலே, பிள்ளைகளப் பட்டினியா போடுவேன்? கறிதாம்ல ஒரு துண்டு' என்றார்.

இப்போது நூர் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்களை எடுங்கள். ஒழுக்கமுள்ள பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சி கொண்டுவராதவர்களுக்கு எண்பது கசையடி கொடுங்கள், அவர்களின் சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள், அவர்கள்தான் பாவிகள், அதன்பின் தவ்பா செய்தவர்களை (திருந்தி மன்னிப்புக் கேட்டவர்களை) தவிர. 'தவிர' எதற்குப் போகிறது? ஷாஃபிகள், பல வாக்கியங்களை உம்மையால் கோத்து கடைசியில் ஒரு விலக்கு வந்தால் அது எல்லாவற்றுக்கும் போகும் என்பார்கள். தவ்பா செய்தவரின் சாட்சியம் ஏற்கப்படும். கசையடி மட்டும் பழிக்கு ஆளானவரின் உரிமை என்பதால் தவ்பாவால் நீங்காது. ஹனஃபிகள், விலக்கு கடைசி வாக்கியத்துக்கு மட்டும்தான் என்பார்கள். முதல் இரண்டும் ஏவல் வாக்கியங்கள், மூன்றாவது பெயர்ப் பயனிலை கொண்ட புது வாக்கியம், ஆகவே பாவி என்ற பெயர் நீங்கும், சாட்சியம் நீங்கியது நீங்கியதுதான். ஒருவர் வாழ்நாள் முழுக்க நீதிமன்றத்தில் வாய் திறக்கலாமா கூடாதா என்பது இந்தக் கூட்டலில் இருக்கிறது. பந்தியில் மாமா பக்கத்தில் இருந்தார், கேட்டுக்கொண்டோம். சூழலிலிருந்து கிடைக்கும் அந்த மாதிரிக் குறிப்புக்கு உசூலில் 'கரீனா' என்று பெயர்.

'தவிர' என்றதும் சீபவைஹி ஞாபகம் வருகிறார். பஸ்ராவில் ஹம்மாத் இப்னு ஸலமாவிடம் ஹதீஸ் எழுதிக்கொண்டிருந்த இளைஞர். 'லைஸ அபத் தர்தா' என்று வர வேண்டிய இடத்தில் 'அபுத் தர்தா' என்று வாசித்துவிட்டார். அங்கே 'லைஸ' தவிர என்ற வேலையைச் செய்கிறது, அதனால் நஸ்பு, அதாவது ஜபருக்குரிய வேற்றுமை நிலை. உஸ்தாத் தப்பு என்றதும், இனி யாரும் தன்னைத் தப்பு சொல்ல முடியாத ஒரு கலையைப் படிக்கிறேன் என்று போய் இலக்கண ஆசான் கலீலிடம் சேர்ந்தாராம். மரபாகச் சொல்லிவரும் கதை இது. ஹிஜ்ரி 180 வாக்கில் இறந்தவர் விட்டுப்போன நூல்தான் 'அல்கிதாப்'. அதைப் படித்த இலக்கணக்காரர் ஜர்மீ, முப்பது வருஷமாக சீபவைஹியின் கிதாபை வைத்துத்தான் மக்களுக்கு ஃபத்வா கொடுக்கிறேன் என்றதாகவும் ஒரு செய்தி உண்டு. ஜர்மீ ஏற்கெனவே ஹதீஸ் தெரிந்தவர், கிதாபு அவருக்கு ஆராயும் முறையைக் கற்றுக்கொடுத்தது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள்.

என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்கிறேன், உங்களுக்குப் பாடமாக இருக்கும். தலாக் விடப்பட்ட பெண்ணின் இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்) 'ஸலாஸத குரூஇன்', மூன்று குரூ, என்று பகரா அத்தியாயம் 228ஆம் வசனத்தில் வருகிறது. குரூ என்பதன் ஒருமை குர்உ, ஒரு சொல் இரு பொருள், மாதவிடாய்க்கும் சொல்லலாம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலுள்ள தூய்மைக் காலத்துக்கும் சொல்லலாம். ஹனஃபிக்கு மாதவிடாய், ஷாஃபிக்குத் தூய்மை. அரபு எண்ணுப்பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று முதல் பத்து வரை, எண்ணப்படும் பொருள் ஆண்பாலானால் எண் பெண்பால் விகுதியோடு வரும், பொருள் பெண்பாலானால் விகுதி போய்விடும். வசனத்தில் எண் விகுதியோடு 'ஸலாஸத' என்று வருகிறது, ஆகவே எண்ணப்படுவது ஆண்பால். தூய்மையைக் குறிக்கும் துஹ்ரு ஆண்பால், மாதவிடாயைக் குறிக்கும் ஹைழா பெண்பால். முடிந்தது வழக்கு! இதைக் கற்றுக்கொண்ட மறுவாரம் கடையநல்லூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அங்கே வந்திருந்த வயதான ஆலிம் ஒருவரிடம் ஏதோ நானே கண்டுபிடித்தது போல விளக்கினேன். அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, 'வாப்பா, வசனத்துல இருக்குற சொல்லு ஹைழாவா, குர்உவா?' என்று கேட்டார். 'குர்உ' என்றேன். 'குர்உ ஆம்பளச் சொல்லா பொம்பளச் சொல்லா?' ஆண்பால்தான். எண் அந்தச் சொல்லோடு ஒத்துப்போகிறது, அதன் பொருள் எதுவாக இருந்தால் என்ன? நான் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அவரே இன்னொன்றும் சொன்னார்: தூய்மைக் காலத்தில்தான் தலாக் விட வேண்டும், அப்படி விட்டால் அந்தத் தூய்மையில் பாதி போயிருக்கும், அதையும் ஒன்று என்று எண்ணினால் இரண்டரைதான் வரும், மூன்று வராது. மூன்று என்பது குறிப்பான எண், அதில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இது ஹனஃபிகளின் வாதம். இதற்கும் ஷாஃபிகளிடம் பதில் இருக்கிறது, அதைத் தேடும் வேலையை உங்களுக்கு விடுகிறேன்.

தமிழ் இலக்கணம் எவ்வளவு கைகொடுக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த இடம் வேறு ஒன்று. கலீஃபா ஹாரூன் ரஷீதின் சபையில் நஹ்வுக்காரர் கிஸாஈ, காழி (நீதிபதி) அபூ யூசுஃபை மடக்கியதாக ஒரு கதை. ஒருவன் 'அனா காதிலு குலாமிக' என்கிறான், இன்னொருவன் 'அனா காதிலுன் குலாமக' என்கிறான், உன் அடிமையைக் கொன்றதற்காக யாரைப் பிடிப்பாய்? இரண்டு பேரையும் என்றார் காழி. தப்பு என்றாராம் ஹாரூன், அவருக்கு அரபு தெரியும். முதலாவது வேற்றுமைத் தொடராகச் சேர்ந்து நிற்கிறது, கொன்றவன் நான் என்ற ஒப்புதல். இரண்டாவது தன்வீனோடு (ஈற்று 'ன்' ஒலியோடு) வினையைப் போல நின்று செயப்படுபொருளை எடுக்கிறது, கொல்லப்போகிறவன் நான் என்ற மிரட்டல். தமிழ் வகுப்பில் வினைத்தொகை படிக்கும்போது 'கொல்களிறு' என்றால் கொன்ற களிறு, கொல்கின்ற களிறு, கொல்லும் களிறு என்று மூன்று காலமும் கரந்து கிடக்கும் என்று மனப்பாடம் செய்தோமே, 'காதில்' என்ற அந்த அரபுச் சொல்லும் அப்படித்தான், காலம் உள்ளே ஒளிந்திருக்கிறது, வெளியே நிற்கும் உருபுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கிலீஷ் வழியாக அரபு படித்த என் நண்பர் ஒருவருக்கு இது ஒரு மாதம் பிடித்தது, எனக்கு ஒரு நிமிடம். ஆனால் கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அப்படியே விழுங்கிவிடாதீர்கள். 'குல்லு நஃப்ஸின் தாயிகதுல் மவ்த்' என்ற வசனத்தில் வேற்றுமைத் தொடராக இருந்தும் மரணத்தைச் சுவைக்கப்போவதைத்தான் சொல்கிறது. ஒப்புதல் என்று ஒருவனைத் தூக்கில் போட இந்த ஒரு ஜேர் போதுமா?

இதுவரை நஹ்விலிருந்து சட்டத்துக்குப் போகும் சாலை. எதிர்த்திசையிலும் பஸ் ஓடுகிறது, அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இலக்கணக்காரர்கள் தங்கள் கலைக்கு ஒரு உசூல் வேண்டும் என்று யோசித்தபோது கண்ணெதிரே இருந்தது ஃபிக்ஹுக்காரர்களின் உசூல். ஹிஜ்ரி 577இல், அதாவது 1181இல், பக்தாதில் இறந்த அபுல் பரகாத் இப்னுல் அன்பாரி நிளாமிய்யா மதரஸாவோடு இருந்தவர். ஷாஃபிக்கும் அபூ ஹனீஃபாவுக்கும் இடையிலுள்ள கருத்து வேறுபாட்டு நூல்களைப் போலவே பஸ்ரா, கூஃபா இலக்கணக்காரர்களின் வேறுபாடுகளுக்கும் ஒரு நூல் வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள், 'அல்இன்ஸாஃப்' எழுதினேன் என்கிறார். 121 வழக்குகள். ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள்: கூஃபாக்காரர்கள் இதைச் சொன்னார்கள், பஸ்ராக்காரர்கள் இதைச் சொன்னார்கள், இவர்களின் ஆதாரம் இது, அவர்களுக்குப் பதில் இது. பெயரை மறைத்துவிட்டால் ஃபிக்ஹு கிதாபு என்றே நினைத்துவிடுவீர்கள்.

நஹ்வின் ஆதாரங்களாக அவர் தனி நூலில் வைத்தவை, அரபிகளிடமிருந்து கேட்டு வந்த வழக்கு, கியாஸ் (ஒப்பிட்டு முடிவெடுப்பது), இஸ்திஸ்ஹாப் (இருந்த நிலையே தொடர்வதாக வைப்பது). கியாஸ் ஒன்று பார்ப்போம். எழுவாய்க்கு ரஃபு (பேஷுக்குரிய வேற்றுமை நிலை) வரும், அது தெரிந்த விஷயம். செயப்பாட்டுவினையில் செய்தவன் காணாமல் போய், செயப்படுபொருள் அந்த நாற்காலியில் உட்காரும். அதற்கும் ரஃபு, ஏனென்றால் வினை அதன் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது, எழுவாயிலும் அதுதானே காரணம். மூலம், கிளை, காரணம், தீர்ப்பு என்று நான்கும் வந்துவிட்டன. திராட்சை மதுவிலிருந்து மற்ற போதைப் பானங்களுக்குப் போகும் ஃபிக்ஹு கியாஸின் எலும்புக்கூடு இதேதான். இஸ்திஸ்ஹாபோ இன்னும் எளிது. ஒளு இருந்தது உறுதி, முறிந்ததா என்று சந்தேகம் வந்தால் இருப்பதாகவே வைத்துத் தொழுவோம். நஹ்விலும் அப்படித்தான், பெயர்ச்சொல்லின் இயல்பு ஈறு மாறுவது, மாறாமல் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் ஆதாரம் அவர்தான் காட்ட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பும் ஃபிக்ஹிலிருந்தே வந்தது. ஸ்பெயினின் குர்துபாவைச் சேர்ந்த இப்னு மளா, அல்முவஹ்ஹிதுகள் என்ற அரச மரபின் தலைமை காழி, 1196இல் இறந்தவர், கியாஸை ஏற்காத ளாஹிரிப் போக்கு உள்ளவர். சட்டத்தில் கியாஸ் வேண்டாம் என்றவர் இலக்கணத்தை மட்டும் விடுவாரா? நஹ்வுக்காரர்களுக்கு மறுப்பு என்று ஒரு நூல் எழுதி, ஜபருக்கும் ஜேருக்கும் பின்னால் நின்று வேலை பார்ப்பதாக நீங்கள் சொல்லும் 'ஆமில்' எல்லாம் கற்பனை, ஏன் எதற்கு என்று அடுக்கிக்கொண்டே போகும் காரணங்களும் வேண்டாம் என்றார். இந்த நூல் 1947இல்தான் கெய்ரோவில் அச்சேறியது. முதல் வருஷம் நஹ்வு படித்து நொந்துபோனவர்கள் எல்லாரும் இவருக்கு ஒரு ஃபாத்திஹா ஓதலாம்.

இரண்டு கலையும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு சிரிப்புக் கதை உண்டு. இலக்கணக்காரர் ஃபர்ராஉ, ஒரு கலையில் ஆழ்ந்தவனுக்கு மற்றவையும் எளிதாகும் என்றாராம். அப்படியானால் தொழுகையில் மறதிக்காகச் செய்யும் ஸஜ்தாவிலேயே (நெற்றி நிலத்தில் படப் பணிவதிலேயே) மறதி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார் ஃபகீஹ் (சட்ட அறிஞர்) முஹம்மத் ஷைபானி. ஒன்றும் வேண்டாம் என்றார் ஃபர்ராஉ. எங்கிருந்து எடுத்தீர்? 'சிறுமைப் பெயரை (சின்னது என்று காட்ட உருமாற்றிய பெயரை) மறுபடியும் சிறுமைப்படுத்த முடியாது, எங்கள் கலையில் அப்படித்தான்.' கதை கிஸாஈ பெயரிலும் சொல்லப்படுகிறது. அந்தக் கிஸாஈயும் ஷைபானியும் ஹிஜ்ரி 189இல் ரய் நகரில் இறந்தபோது, ஃபிக்ஹையும் நஹ்வையும் ரய்யில் புதைத்துவிட்டேன் என்று ஹாரூன் வருந்தியதாகச் சொல்வார்கள்.

கிதாபு விஷயம். நஹ்வில் ஆஜுர்ரூமிய்யாவையும் உசூலில் ஜுவைனியின் வரகாத்தையும் ஒரே நாளில் தொடங்குங்கள், இரண்டும் சில பக்கங்கள்தான். ஆஜுர்ரூமிய்யாவின் முதல் வரியே பேச்சு என்றால் என்ன என்கிறது. வரகாத்தும் தொடக்கத்திலேயே பேச்சு குறைந்தது எத்தனை சொல்லில் அமையும் என்று பெயரும் பெயரும், பெயரும் வினையும் என்று எண்ணுகிறது. ஏவல்வினை வரும்போது இரண்டும் பிரியும். நஹ்வு, ஏவலின் ஈற்றில் சுகூன் (உயிரொலி இல்லை என்ற குறி) என்று சொல்லிவிட்டு இறங்கிவிடும். உசூல், ஏவினால் அது கடமையா, விரும்பத்தக்கதா, வெறும் அனுமதியா என்று தொடரும். ஜும்ஆ முடிந்ததும் கலைந்து செல்லுங்கள் என்று ஏவல் வருகிறது, அதற்காகப் பள்ளியிலேயே உட்கார்ந்திருப்பவரை யாரும் பாவி என்பதில்லை. அப்புறம் நஹ்வில் கத்ருன் நதா, அல்லது ஹனஃபி மதரஸா வழியில் காஃபியா. காஃபியா எழுதிய இப்னுல் ஹாஜிப்தான், உசூலில் எல்லாரும் விரிவுரை எழுதிக் குவித்த 'முக்தஸர்' என்ற சுருக்க நூலையும் எழுதியவர் என்று தெரிந்தபோது எனக்கு அந்த இரண்டு பாடவேளையும் ஒன்றாகிவிட்டன. இஸ்னவியின் 'அல்கவ்கபுத் துர்ரீ' கையில் கிடைத்தால் விடாதீர்கள். ஹிஜ்ரி 772இல் இறந்த ஷாஃபி ஃபகீஹ், ஒவ்வொரு நஹ்வு விதியையும் சொல்லி, அதிலிருந்து கிளைக்கும் ஃபிக்ஹுத் தீர்ப்புகளை அடுக்கிக்கொண்டே போவார். தலாக், சத்தியம், வியாபாரப் பேச்சு, எல்லாம் வரும். சுயூதியின் இக்திராஹ், இப்னு ஜின்னியின் கஸாயிஸ் எல்லாம் அதற்கு மேல், அவசரமில்லை. காயல்பட்டினம் பக்கம் சொந்தம் இருந்தால், பழைய வீட்டு அலமாரியில் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) ஃபிக்ஹு நூல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' மாதிரி. தமிழ் வாக்கியத்துக்கே ஜபரும் ஜேரும் போட்டிருப்பார்கள், கண் பழகிவிடும்.

நோட்டை எப்படி வைப்பது என்று கேட்பவர்களுக்கு: இடப்பக்கம் வசனம், ஜபர் ஜேரோடு. அதன் கீழே நீங்கள் செய்த இஃராபு, அதாவது ஒவ்வொரு சொல்லின் ஈற்றுக்குமான இலக்கணப் பகுப்பு. வலப்பக்கம் ஷாஃபி, ஹனஃபி என்ன சொன்னார்கள், அந்த இஃராபில் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். முதல் பக்கத்துக்கு ஒளு வசனத்திலேயே நான் தொடாமல் விட்ட ஒரு சொல்லை எடுங்கள், 'இலல் மராஃபிக்', முழங்கை வரை. மேலப்பாளையத்தில் ஏறி 'ஜங்ஷன் வரைக்கும் ஒண்ணு' என்று டிக்கெட் எடுத்தால் ஜங்ஷனும் சேர்த்தியா, அதற்கு முந்தைய ஸ்டாப்பிலேயே இறங்க வேண்டுமா? முழங்கையும் சேர்த்துத்தான் கழுவ வேண்டும் என்கிறார்கள் பெரும்பாலோர், அபூ ஹனீஃபாவின் மாணவர் ஸுஃபர் சேராது என்றார். இப்போது அதற்கு எதிரே பகரா 187ஆம் வசனத்தை எழுதுங்கள், 'இலல் லைல்', இரவு வரை நோன்பை முழுமையாக்குங்கள். அதே 'இலா' தான், ஆனால் இரவில் ஒரு நிமிடம்கூட நோன்பில் சேராது. கை என்ற சொல் தோள் வரை போகும், பகல் என்ற சொல் இரவுக்குள் போகாது, இந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் காரணம் எழுதிப் பாருங்கள். எழுதிவிட்டு ஹஜ்ரத்திடம் காட்டுங்கள், என்னிடம் வேண்டாம்.